சிவப்பு இலக்கம் வராத பதினாறு நாட்கள்

இயேசு மரி சூசை துணை

மேற்கணக்கு லயம்,
மாத்தளை.
2025 மார்ச் 9, ஞாயிறு

அன்பு மகன் ரொஷானுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

ஆண்டவருடைய கிருபையால் நானும் அப்பாவும் மூன்று வேளை சாப்பிட்டு நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீயும் கட்டாரில் காய்ச்சல் தடிமன் ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடி இருக்க வேண்டும் என்று செபமாலை சொல்லும்போதெல்லாம் உன் பெயரைத்தான் முதலில் சொல்கிறேன். இந்தப் பத்து நாளாக அந்தப் பெயரைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்ல வேண்டியிருக்கிறது, அதை மாதா மன்னிக்கட்டும். சரி, சுகம் விசாரித்தாயிற்று. இனி ஓர் இடத்தில் ஒழுங்காக உட்கார். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வாசிக்கிற கடிதம் இல்லை இது.

அம்மா ஏன் கடதாசியும் பேனையும் எடுத்தார் என்று நினைப்பாய். போனில் பேசலாம் என்றால், நான் விஷயத்துக்கு வருவதற்கு முன்னாலேயே “அம்மா, லைன் வெட்டி வெட்டிக் கேக்குது, பொறவு எடுக்கிறேன்” என்று சொல்லி வைத்துவிடுகிறாய். எனக்கும் பேசத் தொடங்கினால் அழுகை வந்துவிடுகிறது, அழுதுகொண்டு ஏசினால் ஏச்சுக்கு மதிப்பில்லை. மெயிலில் எழுதலாம் என்றால், நான் பாதி எழுதி வைத்துவிட்டு உலை பார்க்கப் போன நேரத்தில் கூட நீ இத்தனை நாளும் அங்கே இருந்து அதைத் திறந்து வாசித்திருக்கலாமாம், இப்போது அந்தக் கதவைச் சாத்தியாச்சு என்றாலும் எனக்கு மனம் வரவில்லை. மாத்தளை டவுனில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிற ஸப்வான் சொன்னான். நல்ல சங்கதி! பெற்றவள் உனக்கு என்ன ஏசப் போகிறாள் என்று அவள் ஏசி முடிப்பதற்கு முன்பே உனக்குத் தெரிந்திருக்கும். ஆகவேதான் கடதாசி. பின்னேரம் உன் தங்கச்சி ஷியாமளா நாவுலயிலிருந்து பிள்ளையோடு வருகிறாள், இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு வாட்ஸ்அப்பில் போடச் சொல்வேன். கடதாசியையும் தபாலில் சேர்ப்பேன். அது வருகிறபோது வரட்டும், வந்ததும் இரண்டாவது தரமும் வாசி.

வீட்டுப் புதினத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏசுகிற வேகத்தில் மறந்துபோகும். அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. கிளினிக்கில் கொடுத்த குளிசையை விழுங்கியாச்சு என்று என்னிடம் சொல்லிவிட்டு அலுமாரிக்கு மேலே ஒளித்து வைக்கிறார், நேற்றுத் தூசி தட்டும்போது பிடித்துவிட்டேன். அந்தக் காலோடு மிளகுத் தோட்டத்துக் காவலுக்கும் போகிறார், குரங்கைக் கண்டால் கல்லை எடுத்துக்கொண்டு ஓடுகிறார், குரங்கு நின்று வேடிக்கை பார்க்கிறது. ஷியாமளாவின் பிள்ளைக்குக் கீழ்ப்பல் இரண்டு வந்துவிட்டது, தூக்குகிறவர் விரலையெல்லாம் கடிக்கிறது. பல்லேபொல சின்னம்மா மகளுக்குச் சம்மதம் பேசி முடித்து, பாஸ்கா கழிந்து கோயிலில் கலியாண ஓலை வாசிக்கப் போகிறார்கள், நீ ஒரு வார்த்தை எடுத்து வாழ்த்திவிடு. புதினம் அவ்வளவுதான்.

இனி விஷயம். டிசம்பர் லீவில் வந்தபோது நம் லெப்டொப்பில் ஒரு ஆப் போட்டுத் தந்தாயே, நீல நிறத்தில் ஒரு கடித உறைப் படம், அதைப் பற்றித்தான். “அம்மா, நீங்க இனிமே இன்டர்நெட்டத் தொறந்து, அட்ரஸ் அடிச்சு, பாஸ்வர்ட் அடிச்சுத் தடுமாற வேணாம். இந்தப் படத்த ரெண்டு தட்டுத் தட்டுங்க, மெயில் மட்டும் தனியாத் தொறக்கும். புதுசா கடிதம் வந்தா படத்து மேல சிவப்புல இலக்கம் விழும்” என்று என் கையைப் பிடித்துக் காட்டினாய். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை! லயத்துப் பொம்பிளைகளைக் கூப்பிட்டு, என் மகன் போட்டுத் தந்த தபால் பெட்டியைப் பாருங்கள் என்று காட்டினேன். அவர்களும் ஆளுக்கு ஒரு தரம் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

அந்தப் பெட்டி நம் வீட்டுக்கு மட்டும் உரியது இல்லை என்பது உனக்குத் தெரியாதா? வரிசையாக இத்தனை காம்பரா இருந்தும் லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது, யாருக்குக் கடிதம் வந்தாலும் தோட்டத்து ஆபிஸுக்குத்தான் வரும், அங்கே கிடந்து கிளாக்கர் ஐயாவுக்கு ஞாபகம் வருகிற அன்றைக்குத்தான் கைக்குக் கிடைக்கும். கொரோனா நேரத்தில் பிள்ளைகள் பாடம் படிக்க நம் வீட்டுக்கு வந்ததிலிருந்து, யார் எந்தப் போம் நிரப்பினாலும் மெயில் அட்ரஸ் கேட்கிற இடத்தில் நம் அட்ரஸைத்தான் எழுதுகிறார்கள். நானும் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. கடிதம் வந்தால் பெயரை மட்டும் பார்ப்பேன், உரியவரைக் கூப்பிட்டுக் கதிரையில் உட்கார வைத்து, எங்கே தட்ட வேண்டும் என்று காட்டிவிட்டுக் குசினிக்குப் போய்விடுவேன். அவர்கள் வாசித்து அழுதாலும் சிரித்தாலும் கூப்பிட்டால்தான் வருவேன். அவர்கள் வந்து திறக்கும் வரை அந்தப் பெயர் தடித்த எழுத்தில் இருக்கும், சிவப்பு இலக்கமும் இருக்கும். இரண்டு என்று இருந்தால் இன்னும் இரண்டு பேர் வர வேண்டும். இலக்கமே இல்லாவிட்டால் எல்லோரும் வந்து வாசித்துவிட்டார்கள், புதிதாக ஒன்றும் இல்லை. திறந்து வாசித்த கடிதங்களை நான் கிளறுவதே இல்லை, அது அவரவர் சொந்த விஷயம். இதெல்லாம் நீ பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்தது.

இப்போது கிருஷாந்தினி விஷயத்துக்கு வருகிறேன். எதிர்க் காம்பரா சுந்தரம்மாக்காவின் மகள், நீ சைக்கிளின் முன்னால் வைத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்ட பிள்ளை. அவளுடைய அப்பா நடராஜா அண்ணன் கண்ணை மூடிய பிறகு சுந்தரம்மாக்கா விடிய எழும்பி ரப்பர் பால் வெட்டித்தான் அவளை ஏ.எல். வரை படிக்க வைத்தார். அந்தப் பிள்ளை பயோ படித்துப் பாஸ் பண்ணி, கண்டியில் ஒரு ஆஸ்பத்திரி நடத்துகிற நேர்ஸிங் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருந்தது. வீட்டில் இருந்த ஒரே நல்ல போனையும் அண்ணன் இந்திரகுமார் கொழும்புக்கு வேலைக்குக் கொண்டுபோய்விட்டான், ஆகவே நம் மெயில் அட்ரஸைத்தான் போமில் எழுதினாள். நம் லெப்டொப் மேசையில் உட்கார்ந்துதான் எழுதினாள், எழுத்துப் பிழை வரக்கூடாது என்று நான் இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன்.

ஜனவரி கடைசியிலிருந்து ஒரு நாள் தவறாமல் வந்தாள். டவுனில் புடவைக் கடைக்கு வேலைக்குப் போகிறவள், ஆறரை பஸ்ஸைப் பிடிக்கப் போகிற வழியில் ஈரத்தலையோடு வாசலில் நின்று “சின்னம்மா, இலக்கம் விழுந்திருக்கா?” என்று கேட்பாள். நான் கையிலே இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுப் போய்ப் பார்ப்பேன். சிவப்பு இல்லை. “இல்ல மகள், நாளைக்கு வரும்” என்பேன். கடிதம் பெப்ரவரி மூன்றாம் திகதி வந்திருக்கிறது, நேர்முகப் பரீட்சை பத்தொன்பதாம் திகதி. இடையில் பதினாறு நாள், ரொஷான். பதினாறு நாளும் என் வாயாலேயே இல்லை, இல்லை என்று சொல்லி அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இருபத்திரண்டாம் திகதி சனிக்கிழமை பின்னேரம் மாத்தளை பஸ் ஸ்டாண்டில் நிரஞ்சனி என்ற பிள்ளை அவளைப் பிடித்திருக்கிறாள். நாலந்தாப் பக்கத்துப் பிள்ளை, இவளோடு படித்தவள், அவளும் விண்ணப்பம் போட்டவள். “ஏன்டி நீ வரல? ஒம் பேர மூணு தரம் கூப்பிட்டாங்க” என்று கேட்டிருக்கிறாள். மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறார்கள் மகன். இவள் அந்த நேரத்தில் புடவைக் கடையில் சீலை மடித்துக்கொண்டு நின்றிருப்பாள். வீட்டுக்கு வந்தவள் நம் வாசற்படி ஏறவில்லை, முற்றத்திலேயே நின்று என் முகத்தையே பார்த்தாள். பின்னாலேயே சுந்தரம்மாக்கா வந்தார். என்ன கேட்டார் தெரியுமா? “நாலு வருசத்துக்கு முன்ன ஒம் மகளுக்கு அந்த நேர்ஸிங் எடம் கெடைக்கலேன்னுதானே எம் மக கடிதத்த அமுக்கிட்ட மார்கிரட்டு?” என்று கேட்டார். முப்பது வருஷம் பிள்ளைக் காம்பராவில் இந்த லயத்துக் குழந்தைகளை எல்லாம் மடியில் வைத்துப் பார்த்தவள் நான். இந்திரகுமாருக்கும் கிருஷாந்தினிக்கும் பால் கரைத்துக் கொடுத்த கை இது. அந்தக் கையைப் பார்த்துத்தான் கேட்டார்.

அன்றைக்கே உனக்குப் போன் எடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? இப்படி ஒரு கடிதம் வந்ததாம், எனக்கு இலக்கம் காட்டவில்லை, ஏன் மகன் என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய்? “அது ஆப்ல ஏதோ பிழை அம்மா. சில நேரம் இலக்கம் காட்டாது. அப்டேட் பண்ணுங்க, சரியாப் போகும்” என்றாய். கம்பியூட்டர் படித்த மகன் சொன்னால் அம்மாவுக்கு வேறு என்ன வேண்டும்? மறுநாள் காலை பீலியடியில் தண்ணீர் பிடிக்க வந்த அத்தனை பொம்பிளைகளுக்கும் முன்னால், குடத்தைக் கீழே வைத்துவிட்டு, கையை நீட்டிச் சத்தியம் செய்தேன். மடு மாதா மேல் சத்தியமாக இது மெஷின் பிழை, நானோ என் வீட்டு ஆட்களோ அந்தக் கடிதத்தில் கை வைக்கவில்லை என்று உரத்துச் சொன்னேன். மாதாவின் பெயரைச் சொல்லித்தான் சொன்னேன்.

ஆனால் மனம் ஆறவில்லை. மெஷின் பிழை என்றால் மெஷினைத் திருத்த வேண்டுமே, நாளைக்கு இன்னொரு பிள்ளையின் கடிதம் போனால்? இருபத்தேழாம் திகதி லெப்டொப்பைத் துவாயில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஸப்வானிடம் போனேன். பொறுமையான பையன். அவன் பார்த்துவிட்டுச் சிரித்தான். “அன்ட்டி, இந்த ஆப்புக்குள்ள ஒண்ணுமே இல்ல. மெயில் வெப்சைட் இருக்குதானே, அதுக்கே ஒரு உறை போட்டுத் தனியா நிக்க வச்சிருக்கு, அவ்வளவுதான். பெட்டி வேற எங்கயோ இருக்கு, இது அதப் பாக்குற ஜன்னல். அதே பெட்டிய வேற ஒருத்தர் வேற ஜன்னலால பாத்து ஒரு கடிதத்தத் தொறந்தா, இங்கயும் தொறந்ததாத்தான் காட்டும், இலக்கம் விழாது. ஆப்ல ஒரு பிழையும் இல்ல, அப்டேட்டும் ஆகித்தான் இருக்கு” என்றான். நான் மூன்று மாதமாக என் வீட்டு மேசையில் இருக்கிற பெட்டி என் வீட்டுப் பெட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பிழைதான், ஒப்புக்கொள்கிறேன், எனக்கு யாரும் சொல்லவில்லை. பிறகு அவன் எதையோ தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தி, “கட்டார்ல ஒரு போன்லயும் இது தொறந்து இருக்கே அன்ட்டி, அது யாரு?” என்று கேட்டான்.

கட்டாரில் எனக்கு இருக்கிறது நீ ஒருத்தன்தான். கிருஷாந்தினி பெயரைத் தேடச் சொன்னேன். ஒதுக்கி வைக்கிற இடம் என்று ஒன்று இருக்கிறதாம், அதற்குள்ளே கிடந்தது. பக்கத்தில் இன்னும் நாலு பேருடைய கடிதம். அந்த நாலும் அவசரமில்லாதவை, உரியவர்களைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டேன். இந்த ஒன்றுதான் ஒரு பிள்ளையின் வாழ்க்கை.

அன்று பின்னேரம் மறுபடி எடுத்துக் கேட்டேன். நீ மறைக்கவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல் என்று சொல்லலாம் என்று பார்த்தால் அதற்கும் வழி வைக்கவில்லையே! “ஆமா அம்மா, நான்தான். ஒங்க லைட் பில் வந்திருக்கான்னு பாக்கப் போனேன், யாரோட மெயிலோ நம்ம பெட்டிக்கு வந்திருக்குன்னு ஒதுக்கினேன். வேணும்னு செய்யலியே, அதுக்கு இப்ப என்னா?” என்றாய். முதல் நாள் நான் கேட்டபோதே இது உனக்கு ஞாபகம் இருந்ததா என்று கேட்டேன். லைன் நன்றாகத்தான் கேட்டது, உனக்குப் பின்னால் யாரோ கதவு சாத்துகிற சத்தம் கூடக் கேட்டது. பிறகு “ஆப் பிழைன்னே இருக்கட்டும் அம்மா, அவங்களுக்கு என்னா தெரியப் போவுது” என்றாய்.

டேய், அவங்களுக்கு என்ன தெரியப் போகிறதா? யார் அந்த அவங்க? நீ காய்ச்சலில் கிடந்தபோது உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு மலை இறங்கி ஓடிய நடராஜா அண்ணனின் வீட்டு ஆட்களா அவங்க? கட்டாருக்குப் போய் மூன்று வருஷத்தில் லயத்து ஆட்களுக்கு ஒன்றும் தெரியாது என்று உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? யாரோட மெயிலோ என்கிறாய், கிருஷாந்தினி நடராஜா என்று பெயர் பெரிய எழுத்தில் இருந்தது, எனக்கே வாசிக்க முடிந்தது. ஒரு போன் எடுத்து, அம்மா, எதிர்வீட்டுப் பிள்ளைக்கு ஏதோ வந்திருக்கிறது என்று சொல்ல எவ்வளவு நேரம்? நீ எனக்கு உதவி செய்யத்தான் பார்த்தாய், அது எனக்குத் தெரியும், அந்தப் பில்லையும் நீதான் கட்டுகிறாய், இல்லை என்று சொல்லவில்லை. பார்த்தது பிழை, சரி, மனிதர் செய்கிற பிழை. அதை அந்த ஆப்பின் தலையில் போட்டாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதற்கு வாய் இல்லை, திருப்பிப் பேசாது, அதனால்தானே? பாவம், அது இருப்பதை இருக்கிறபடி காட்டியது. இங்கே இலக்கம் இல்லை என்று அது சொன்னது உண்மை, நீ அங்கே திறந்துவிட்டாய், அதனால் இல்லை. இந்தக் கதையில் பொய் சொல்லாத ஒரே ஆள் அதுதான்.

மார்ச் முதலாம் திகதி விடியப் பெரட்டுக்களத்துக்குப் போனேன். வேலைக்குப் போக எல்லோரும் வரிசையில் நிற்கிற நேரம், கங்காணியிடம் இரண்டு நிமிஷம் கேட்டு வாங்கினேன். பீலியடியில் நான் செய்த சத்தியம் பொய், தெரியாமல் செய்த பொய், மெஷினில் பிழை இல்லை, என் மகன் ரொஷான்தான் அந்தக் கடிதத்தைத் திறந்து ஒதுக்கினான் என்று சொன்னேன். உன் அப்பா, வீட்டில் உப்புக் கேட்கக் கூட வாய் திறக்காத மனிதர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுந்தரம்மாக்கா பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு “ஒம் மகனுக்கு எம்புள்ள என்னா கெடுதி செஞ்சா மார்கிரட்டு?” என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் எழுதி அனுப்பு.

அதோடு விட்டுவிட முடியுமா? ஐந்தாம் திகதி, விபூதிப் புதன் பூசைக்குக் கூடப் போகாமல், கிருஷாந்தினியைக் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போனேன். அவள் பஸ்ஸில் வழி முழுக்க ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள். அந்தப் பயிற்சி ஆபிஸில் ஒரு சிங்கள மிஸ், வயதானவர், கண்டிப்பானவர், முதலில் உட்காரக் கூடச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு மேசை லாச்சியை இழுத்துக் காட்டினார். உள்ளே ஒரு கட்டுக் கடிதம். வராதவர்கள் எல்லோரும் கம்பியூட்டர் பிழை, இன்டர்நெட் பிழை என்றுதான் எழுதுகிறார்களாம், அதை அவர்கள் எடுப்பதே இல்லையாம். நோய், மரணம், இல்லாவிட்டால் வேறொருவரால் தடைப்பட்டது என்று காட்டினால்தான் இருபதாம் திகதி இன்னொரு நேர்முகப் பரீட்சைக்குப் பெயர் சேர்ப்பார்களாம். கடிதத்தை யார் மறித்தாரோ அவரே தன் பெயர், பாஸ்போட் இலக்கம் போட்டு, கையெழுத்து வைத்து, நான்தான் செய்தேன் என்று எழுதித் தர வேண்டும். அது பதினேழாம் திகதி திங்கட்கிழமைக்குள் அவர் கைக்குக் கிடைக்க வேண்டும், மெயிலில் வந்தாலும் சரி. கிடைத்தால் பார்க்கலாம் என்றார், தருகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் கடைசியில் பிள்ளைக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

வந்ததும் உனக்கு இதை வாட்ஸ்அப்பில் சொல்லி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து நீ ஒரு கடிதம் டைப் பண்ணி அனுப்பினாய். ஷியாமளா போனில் வாசித்துக் காட்டினாள். தொழில்நுட்பக் கோளாறு காரணமாக மேற்படி மின்னஞ்சல் உரியவரின் பார்வைக்குக் கிடைக்காமல் போனதாம். பெயரும் இல்லை, கையெழுத்தும் இல்லை. அந்த மிஸ்ஸின் லாச்சிக்குள்ளே போய்ப் படுப்பதற்கென்றே எழுதின கடிதம்! கேட்டால், “பேரப் போட்டு, அடுத்தவங்க மெயிலத் தொறந்தேன்னு எழுதினா என் வேலைக்குப் பிரச்சினை வரும் அம்மா, நான் கம்பியூட்டர் கொம்பனியில இருக்கேன்” என்கிறாய். உன் வேலை போக வேண்டும் என்று எந்தத் தாயும் நினைக்க மாட்டாள். கண்டியில் இருக்கிற ஒரு மிஸ்ஸின் கோப்புக்குள் போகிற கடதாசியை உன் கொம்பனி முதலாளி எங்கே பார்க்கப் போகிறார்? சரி, பார்த்தால் பார்க்கட்டும். உனக்குப் பயம் இருக்கிறது, அது எனக்கு விளங்குகிறது. ஆனால் உன்னுடையது நடக்கலாம் என்கிற பயம், அந்தப் பிள்ளைக்கு நடந்தே விட்டது.

எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் நான் சொல்கிறேன். ரொஷான் ராஜநாயகம் ஆகிய நான், என் தாயாரின் மெயில் பெட்டியை என் போனில் திறந்து வைத்திருந்தேன், பெப்ரவரி மூன்றாம் திகதி கிருஷாந்தினி நடராஜாவுக்கு வந்த கடிதத்தைத் திறந்தேன், யாருக்கும் சொல்லாமல் ஒதுக்கி வைத்தேன், அதனால் அவருக்கு அது கிடைக்கவில்லை, அவர் மீது எந்தப் பிழையும் இல்லை. இவ்வளவுதான். அழகாக எழுதப் பார்க்காதே. கீழே கையெழுத்து வைத்து, படம் பிடித்து, நம் பெட்டிக்கே அனுப்பு, நான் ஸப்வானிடம் அச்செடுத்து நேரே கண்டிக்குக் கொண்டு போகிறேன். இனி அந்தப் பெட்டி உன் போனில் திறக்காது. ஸப்வானைக் கொண்டு பாஸ்வர்டை மாற்றிவிட்டேன், நேற்று நீ திறக்கப் பார்த்திருப்பாய், உனக்கே தெரிந்திருக்கும். லைட் பில்லை நானே டவுனில் கட்டுகிறேன். கோபத்தில் செய்தது என்று நினைக்காதே. லயத்து ஆட்கள் இன்றைக்கும் என்னை நம்பித்தான் அந்த அட்ரஸை எழுதுகிறார்கள், நான் மறைக்கவில்லை என்று தெரிந்த பிறகு இன்னும் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஆப் அப்படியே இருக்கிறது, அதை எடுக்கவில்லை, அது நன்றாகத்தான் வேலை செய்கிறது.

வெயிலில் அலையாதே, தண்ணீர் குடி, வெள்ளிக்கிழமை பூசையை விடாதே, தவக்காலத்திலாவது இறைச்சியைக் குறை. அப்பா உன்னோடு ஒன்றும் பேசமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு, நீ சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டு எழுதச் சொன்னார். எங்கள் இருவருடைய ஆசீரும் உனக்கு எப்போதும் உண்டு, அதை நான் கோபத்தில் கூட நிறுத்தி வைப்பதில்லை. மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்திருக்கட்டும்.

இன்று பூசை முடிந்து நான் வரும்போது கிருஷாந்தினி நம் வாசலில் நின்றாள். அன்றைக்குப் பிறகு இன்றைக்குத்தான் படியேறி உள்ளே வந்தாள். “சின்னம்மா, ரொஷான் அண்ணன் எழுதுவாங்களா?” என்று கேட்டாள். எழுதுவான் மகள், கட்டாயம் எழுதுவான் என்று சொல்லிவிட்டேன். உனக்காக ஒரு தரம் மாதா பெயரில் பொய்ச் சத்தியம் செய்துவிட்டேன் ரொஷான், தெரியாமல் செய்தேன். இந்தத் தரம் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க, உன்னைத் தெரிந்துகொண்டுதான் சொல்லியிருக்கிறேன். பதினேழாம் திகதியை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
இரா. மார்கிரட்